உங்கள் அப்பாவின் கார் பதினான்கு முறை நின்ற விவரம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சௌக்கியம். அங்கே நீங்களும் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் காரும் சௌக்கியம் என்று ஒரு வரி சேர்ப்பேன். ஆறு மாதமாக ஒவ்வொரு கடிதத்திலும் அந்த வரியை எழுதி வந்திருக்கிறேன். அது சுத்தப் பொய். முப்பத்திநான்கு வருஷம் வானிலை நிலையத்தில் வேலை பார்த்து, பெய்யாத மழையைப் பெய்ததாக ஒரு நாள்கூட எழுதாத மனிதன் நான். ஓய்வு பெற்ற பிறகு உங்களுக்காகப் பொய் எழுதும்படி ஆகிவிட்டது. இன்று எல்லாவற்றையும் கொட்டிவிடப் போகிறேன்.

வண்டியைக் கொண்டுவந்து விட்ட அன்று எங்கள் வாசலில் நின்றுகொண்டு நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அப்பா வண்டி, மாப்பிள்ளை. ஆறு மாசம் ஓட்டிப் பாருங்க. ஒழுங்கா ஓடிச்சுன்னா உங்களுக்கு. நடுரோட்டுல நிக்குதுன்னா சொல்லிடுங்க, நானே வந்து எடுத்துக்கறேன். என் ஆபீஸ் வாசல்ல கண்ணாடிக் கூண்டு கட்டி, உள்ள வச்சுடறேன். பாக்கறவங்க பாக்கட்டும்" என்றீர்கள். நான் அப்போது வண்டியின் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்ததால் சரி சரி என்று தலையாட்டிவிட்டேன். இந்த வயதில் எனக்கென்று ஒரு கார், அதுவும் பால் நிறத்தில், முன்னால் நீளமாக ஒரே பெஞ்சு சீட்டோடு ஒரு பழைய கார் கிடைத்த சந்தோஷத்தில் கூண்டு என்ற வார்த்தை காதிலேயே ஏறவில்லை. வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமையோடு அந்த ஆறு மாதம் முடிகிறது.

முதல் முறை நின்றது வண்டி வந்த பன்னிரண்டாம் நாள், ஏரிக்கரையில். உங்கள் தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாங்கில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், மதியத்துக்குள் போயாக வேண்டும் என்று நான் மணியைப் பார்த்துக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தேன். இருமல், விக்கல் எதுவும் கிடையாது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் விளக்கை அணைத்த மாதிரி அணைந்துவிட்டது. ஓரமாக உருட்டி நிறுத்தினேன். இறங்கி பானெட்டைத் திறந்து, கார் தெரியாதவர்கள் எஞ்சினை எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தேன். அதாவது, முதலில் முழுவதையும் பார்த்தேன். பிறகு குனிந்து பார்த்தேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்ப முழுவதையும் பார்த்தேன். கையில் கிடைத்த வயரை எல்லாம் ஒரு அழுத்து அழுத்தினேன். இதற்குள் உங்கள் தங்கை இறங்கிப் போய் கரைச்சுவர்மேல் உட்கார்ந்து, "இங்க வந்து பாருங்களேன், தண்ணிக்குள்ள ஒரு பறவை தலைகீழா முங்குது" என்று கூப்பிடுகிறாள். எரிச்சலாக வந்தது. ஆனாலும் போய் உட்கார்ந்தேன். இருபத்தைந்து நிமிஷம் கழித்து, வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இப்போ போட்டுப் பாருங்க" என்றாள். சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் கிளம்பியது. பாங்கு மூடியிருந்தது.

எங்கள் தெருமுனையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். எந்த வேலையைக் கேட்டாலும் பத்து நிமிஷம் என்பார் என்பதால் அவருக்குப் பெயரே பத்துநிமிஷம் என்று ஆகிவிட்டது. கைராசிக்காரர், பழைய வண்டி என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார். அவரிடம் கொண்டுபோனேன். வண்டியைச் சுற்றி வந்து, மோந்து பார்த்து, காதை வைத்துக் கேட்டு, "பெட்ரோல் ஒழுங்கா வருது சார். பொறிதான் போகுது. இக்னிஷன்ல, நெருப்புப் பக்கம்தான் கோளாறு. பத்து நிமிஷம் குடுங்க" என்றார். பிறகு எனக்கு ஒரு பாடமே நடத்தினார். பாட்டரியிலிருந்து காயிலுக்குக் கரன்ட் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் என்கிற குடுவைக்குள் பாயின்ட் என்று இரண்டு குட்டி உதடுகள் திறந்து திறந்து மூடுகின்றன. அவை திறக்கும்போதெல்லாம் காயில் ஒரு பொறியைத் தள்ளுகிறது. அது நான்கு பிளக்குக்கும் முறைவைத்துப் போகிறது. இதில் எங்கே வேண்டுமானாலும் கை நழுவலாம். நிரந்தரமாகக் கெட்டுப்போனால் கண்டுபிடிப்பது சுலபமாம். வந்து வந்து போகிற கோளாறுதான் மனுஷனைக் கொல்லுமாம். இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த ஆனந்தத்தைப் பார்த்து, என் பர்ஸை உள்பைக்குள் தள்ளிக்கொண்டேன்.

பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்தார். அடுத்த வாரம் பாலத்தின்மேல் நின்றது. கண்டன்சரை மாற்றினார். எட்டாம் நாள் திரும்பவும் ஏரிக்கரையில் நின்றது. காயில் சூடானால் மயங்கும் என்று சொல்லிப் புதுக் காயில் போட்டார். அது பூச்செடி விற்கிற நர்சரி வாசலில் நின்றது. பிளக், பிளக் வயர், மூடி, மூடிக்குள் சுற்றுகிற துண்டு எல்லாம் புதுசு. ஒருநாள் பொறி எவ்வளவு பலமாக வருகிறது என்று பார்ப்பதற்காக, "சார், இந்த வயரை இப்படிப் புடிச்சுக்குங்க, தகரத்துல படாம" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போய் ஸ்டார்ட் செய்தார். தகரத்தில் படவில்லை, நான் மிகவும் கவனமாக இருந்தேன். அது என்மேல் பட்டது. நான் எம்பிக் குதித்ததில் பானெட் மூடி தலையில் இடித்து, மூக்குக்கண்ணாடி ரேடியேட்டர் பக்கம் விழுந்தது. "பொறி பிரமாதமா வருது சார்!" என்று அவர் உள்ளிருந்து கத்தினார். உங்கள் தங்கை ஒர்க்ஷாப் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு, பக்கத்துக் கடையில் இருந்தவர்களை எல்லாம் வெளியே வரவழைத்தது. புருஷனுக்குக் கரன்ட் அடித்தால் இப்படியா சிரிப்பார்கள் என்று நீங்கள்தான் ஒருமுறை அவளிடம் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் என் தொழிலறிவைப் பயன்படுத்தலாம் என்று தோன்றியது. ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நாள், நேரம், இடம், வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், காற்று அடிக்கும் திசை, வானத்தை எட்டுப் பங்காக வைத்து அதில் எத்தனை பங்கு மேகம் என்று கட்டம் போட்டு எழுதினேன். ஈரப்பதம் பார்க்கும் கருவியைக் காரின் பின்சீட்டிலேயே வைத்துக்கொண்டேன். "நிக்கிற வண்டிக்குக் காத்து எந்தப் பக்கம் அடிச்சா என்னங்க?" என்று உங்கள் தங்கை கேட்டாள். அறிவியல் தெரியாதவர்களிடம் வாதாடிப் பயனில்லை என்று காற்றின் திசையைக் குறித்துக்கொண்டேன். ஆனால் ஏழாவது முறை நின்றபோது நோட்டில் ஒரு உண்மை பளிச்சென்று தெரிந்தது. வண்டி வெயிலில் நிற்பதே இல்லை! ஒவ்வொரு முறையும் நல்ல மரநிழலிலோ, தண்ணீரை ஒட்டியோ, ஜிலுஜிலுவென்று காற்று வருகிற இடத்திலோதான் நின்றிருக்கிறது. நிழல், தண்ணீர் என்றால் ஈரம். ஈரம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இறங்கினால் பொறி வழிதவறிப் போகும். இதைப் பத்துநிமிஷமே ஒப்புக்கொண்டார். சந்தோஷத்தில் எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

ஈரத்துக்கு மருந்து என்ன? முதல் நாள் உங்கள் தங்கையின் தலைமுடி உலர்த்தும் மெஷினை எடுத்துப் போய் டிஸ்ட்ரிபியூட்டரை உலர்த்தினேன். அது நன்றாகத்தான் உலர்ந்தது, மெஷின்தான் புகைந்துவிட்டது. பிறகு ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டினேன். அது உருகி எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு, தெரு முழுக்க மூன்று நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது. கடைசியில்தான் ஒரு அபாரமான யோசனை வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து ஐந்து வயர் வெளியே வருகிறது, நான்கு பிளக்குக்கு, ஒன்று காயிலுக்கு. பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறைக்கும் விரல் ஐந்து! சமையலறைக் குழாய்க்கு மேல் தொங்கிய மஞ்சள் கையுறையில் ஒன்றை எடுத்தேன். விரல் நுனிகளைக் கத்தரித்தேன். ஒவ்வொரு விரலுக்குள்ளும் ஒரு வயரை விட்டு, மணிக்கட்டைக் குடுவையோடு சேர்த்துக் கட்டினேன். கனகச்சிதம். பத்துநிமிஷம் இதை அறியாமல் பானெட்டைத் திறந்தவர், எஞ்சினுக்குள்ளிருந்து யாரோ மஞ்சள் கையை நீட்டுவதைப் பார்த்து, பின்னால் இருந்த எண்ணெய் டப்பாவில் கால் வைத்துவிட்டார். பிறகு சமாளித்துக்கொண்டு, "நல்ல ஐடியாதான் சார். அடுத்த தடவை சொல்லிட்டுப் பண்ணுங்க" என்றார்.

கையுறை போட்ட பிறகு ஒன்பது நாள் வண்டி நிற்கவே இல்லை. ஒன்பது நாள்! மழையில் ஓட்டினேன், மூடுபனியில் ஓட்டினேன், வேண்டுமென்றே ஏரிக்கரையில் நான்கு தடவை போய் வந்தேன். ஒரு முனகல்கூட இல்லை. அப்போதுதான் உங்களுக்கு ஃபோன் செய்து, காரில் ஒரு சின்ன முன்னேற்றம் செய்திருக்கிறேன் என்று பெருமையடித்தேன். நீங்கள்கூட, "எதுன்னாலும் கார்பரேட்டர்தான் மாப்பிள்ளை. நான் காலேஜ் படிக்கிறப்பவே அந்த வண்டி சாயங்காலம் ஆனா கிளம்பாது. அந்த கார்பரேட்டரோட குணம் எனக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது" என்றீர்கள். பத்தாம் நாள், மகள் வீட்டுக்குப் போயிருந்த உங்கள் தங்கை திரும்பி வந்தாள். ஸ்டேஷனிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வரும்போது, கையுறையின் வரலாற்றை நான் விரிவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். "என் கையுறையா?" என்று கேட்டாள். "ஒண்ணுதான்" என்றேன். சோளம் சுட்டு விற்கிற பாலத்தருகே வண்டி நின்றுவிட்டது.

அவள் சோளம் தின்றாள். நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நோட்டைப் புரட்டினேன். அப்போதுதான் நான் எந்தக் கட்டமும் போடாத ஒரு விஷயம் மண்டையில் உறைத்தது. நின்ற எல்லா முறையும் உங்கள் தங்கை வண்டியில் இருந்திருக்கிறாள். அவள் இல்லாத ஒரு நாள்கூட நிற்கவில்லை. இதைப் பத்துநிமிஷத்திடம் சொன்னேன். அவர் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "அம்மா பேசறதுல பாயின்ட் அதிருமோன்னு கேக்கறீங்களா சார்?" "இல்லப்பா, எடை. அந்தப் பக்கம் எடை ஏறினா வண்டி ஒரு இழை சாயும். சாஞ்சா ஏதோ ஒரு வயர் இழுபடும்." அவர் கண் விரிந்தது. "இருக்கலாம் சார்! எவ்வளவு எடைன்னு தெரிஞ்சா, அதே எடையை வச்சு ஓட்டிப் பாத்துடலாமே!"

மறுநாள் காலை சாப்பிட உட்கார்ந்தபோது, எப்படிக் கேட்பது என்று இரண்டு முறை தொண்டையைக் கனைத்துவிட்டு, "இப்போ நீ எவ்வளவு எடை இருப்பே?" என்று கேட்டேன். "எதுக்கு?" என்றாள். "காருக்கு" என்றேன். அன்று எனக்கு இரண்டாவது தடவை யாரும் பரிமாறவில்லை. ஆகவே எடையை நானே உத்தேசமாக வைத்துக்கொண்டேன். பக்கத்து மனையில் வீடு கட்டுகிறவர்களிடம் மணல் கேட்டு, இரண்டு மூட்டையாகக் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக முன்சீட்டில் வைத்தேன். திருப்பத்தில் மேல்மூட்டை சரிந்தது. அதனால் உங்கள் தங்கையின் பழைய சாம்பல்நிற சால்வையைச் சுற்றிச் சீட்டோடு சேர்த்துக் கட்டினேன். தெருவில் திரும்பி நிறுத்தியபோது எதிர்வீட்டுத் தலைமையாசிரியை, பணி ஓய்வு பெற்றவர், பார்வை கொஞ்சம் மங்கல், ஜன்னல் பக்கமாக வந்து, "என்ன, ஊர்லேருந்து வந்ததும் வராததுமா ஒரேயடியா சுத்தறீங்க? கொஞ்சம் பூசின மாதிரி ஆயிட்டீங்களே! மக வீட்டுச் சாப்பாடா?" என்று மூட்டையிடம் கேட்டார். சரியாக அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

நடந்ததை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. "இனிமே மூட்டையையே கூட்டிட்டுப் போங்க. அது எதிர்த்துப் பேசாது" என்றாள். மூன்று நாள் வண்டியில் ஏறவில்லை. மூட்டையோடு மூன்று நாள் ஓட்டினேன். சாய்ந்த வண்டி சாய்ந்தபடியே ஜம்மென்று ஓடியது. ஒரு குறையும் இல்லை. ஆனால் உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, எனக்கு அந்த ஓட்டம் பிடிக்கவே இல்லை. எங்கேயும் நிற்காமல் போனேன், குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன், திரும்பி வந்தேன். யாரும் பறவை காட்டவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மூட்டையை அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்கள் தங்கையிடம் போய், "தெரியாம பண்ணிட்டேன். நீயே வா" என்றேன். "நின்னா திட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்து ஏறினாள்.

அதற்குப் பிறகு என் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் மட்டும் மூன்று முறை நின்றது. மூன்று தடவையும் பாதி வழியோடு திரும்பிவிட்டோம். மேட்டில் ஏறும்போது எஞ்சின் திணறுகிறது என்று அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவள் என்னை நம்பவில்லை. "உன் பொண்டாட்டிக்கு இங்க வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லு, கார் மேல பழி போடாதே" என்கிறாள். பாவம் உங்கள் தங்கை, அவள் என்ன செய்வாள்?

கடைசியாக, போன வியாழக்கிழமை, பத்துநிமிஷமே பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். காயிலிலிருந்து ஒரு வயர் இழுத்து, அதன் முனையில் ஒரு சின்ன பல்பை மாட்டிக் கையில் வைத்துக்கொண்டார். வண்டி நின்ற நொடியில் பல்பு எரிகிறதா அணைகிறதா என்று பார்த்தால் கள்ளன் பிடிபடுவான் என்பது திட்டம். ஒரு மணி நேரம் ஓட்டினேன். கண்ணிமைக்காமல் பல்பையே பார்த்து வந்தார். நர்சரிக்கு நூறு அடி இருக்கும்போது உங்கள் தங்கை, "அந்தச் செம்பருத்தி வந்துடுச்சு போலிருக்கே" என்றாள். வண்டி நின்றது. "பல்பு எரியுது சார்! கரன்ட் வருது! பொறி மட்டும் இல்ல!" என்று அவர் கதவைத் திறந்து, குதித்து, பானெட்டைத் தூக்கி, இரண்டு கையையும் உள்ளே விட்டார். அதற்குள் உங்கள் தங்கை, "இப்போ போட்டுப் பாருங்க, பாவம், அவர் வேர்த்துட்டார்" என்றாள். போட்டேன். கிளம்பியது. பத்துநிமிஷம் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். "சார், என் வாழ்க்கையில பத்து நிமிஷம்னு சொல்லி ஆறு மாசம் எடுத்த வேலை இது ஒண்ணுதான். என்னை விட்டுடுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. அவள் இரண்டு செம்பருத்திச் செடி வாங்கி அவருக்கு ஒன்றைக் கொடுத்தாள்.

ஆக, தோற்றுவிட்டேன். நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். பதினான்கு முறை. ஏரிக்கரையில் நான்கு, பாலத்தில் நான்கு, நர்சரியில் மூன்று, அக்கா வீட்டு வழியில் மூன்று. நின்றுகிடந்த மொத்த நேரம் ஐந்து மணி நாற்பது நிமிஷம். வீணான நேரம் என்ற தலைப்பில்தான் அதை எழுதியிருக்கிறேன். ஆனால் எழுதி முடித்துவிட்டு யோசித்தால், போன ஆறு மாதத்தில் எனக்கு நினைவில் இருப்பதே அந்த ஐந்து மணி நாற்பது நிமிஷம்தான். வேலையில் இருந்தபோது காலை முறை, இரவு முறை என்று நான் ஓடிக்கொண்டே இருந்தேன். உங்கள் தங்கைக்குத் தலைகீழாக முங்குகிற பறவை பிடிக்கும் என்பதை எனக்கு ஒரு நின்றுபோன கார்தான் சொல்லிக்கொடுத்தது. அதைக் கண்ணாடிக் கூண்டில் பார்க்க எனக்கு மனசில்லை. ஆனாலும் சொன்ன சொல் சொல்தான். வழியில் நிற்கிற வண்டியை வைத்துக்கொண்டு ஓடுகிறது என்று உங்களை ஏமாற்ற என்னால் முடியாது. ஆறு மாதம் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, தூக்கிப் போகிற லாரியோடு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கழுவித் துடைத்து வைத்திருப்பேன். கையுறையைக் கழற்ற வேண்டாம், அது வண்டியோடு இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் என் அன்பையும் விசாரிப்பையும் முறைப்படி பங்கிட்டுக் கொடுக்கவும். உங்கள் முழங்கால் வலிக்கும், உங்கள் கண்ணாடிக் கூண்டுக்கும், எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வேண்டா வெறுப்பாக அல்ல, உண்மையாகவே.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
வானிலை நிலையம் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். லாரி வேண்டாம். கூண்டுக்கு அளவெடுக்க ஆள் வந்திருந்தால் அனுப்பிவிடவும்.

உங்கள் விலாசம் எனக்கு எப்போதுமே பாதிதான் நினைவிருக்கும். அதனால் உறைமேல் எழுதித் தரச் சொல்லி இந்தக் கடிதத்தை உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். அவள் விலாசம் எழுதாமல் கடிதத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள். நின்றுகொண்டே படித்தாள். மூட்டை வந்த இடத்தில் என்னை ஒரு முறை முறைத்தாள். கடைசிக்கு வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்குப் போனாள். முன்சீட்டுக்குக் கீழே, அவள் உட்காருகிற பக்கம், தரையின் நடுமேட்டை ஒட்டி விரித்திருந்த மிதியடியைத் தூக்கிக் காட்டினாள். அதற்கடியில் ஒரு பித்தளைக் குமிழ். பழைய கார்களில் டிரைவர் காலால் அழுத்தி முன்விளக்கை ஏற்றி இறக்குவாரே, அதே சுவிட்ச். ஒரு மிதி மிதித்தால் பொறி போய்விடும். இன்னொரு மிதி மிதித்தால் வந்துவிடும்.

அதை வைத்தவர் உங்கள் அப்பா. நீங்கள் கல்லூரியில் படிக்கும்போது சாயங்காலமானால் அவருக்குத் தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு ஊர்சுற்றப் போவீர்களாம். அதற்காக. விஷயத்தைத் தன் பன்னிரண்டு வயது மகளுக்கு மட்டும் சொல்லிவைத்திருந்தாராம். இத்தனை வருஷமும் நீங்கள் திட்டிவரும் அந்த கார்பரேட்டரிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். பத்துநிமிஷத்திடம் சொன்னேன். "அந்த வயரைப் பாத்தேன் சார், பழைய ரேடியோவோடதுன்னு விட்டுட்டேன்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் வீட்டுக்காரி காதுல மட்டும் இது விழுந்துடக் கூடாது" என்றார்.

"ஆறு மாசமா ஏன் சொல்லல?" என்று அவளைக் கேட்டேன். எனக்குக் கோபம் வர வேண்டும். எவ்வளவு முயன்றும் வரவில்லை. "நீங்க எங்க கேட்டீங்க?" என்றாள். "காத்தைக் கேட்டீங்க, மேகத்தைக் கேட்டீங்க, மூட்டையக்கூட கேட்டீங்க. என்னை ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." பிறகு மிதியடியை மூடிவிட்டு, "முப்பத்திநாலு வருஷமா நீங்க மணி பாத்துத்தான் ஓடறீங்க. வண்டி நின்னாத்தான் நீங்க நிக்கிறீங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். என் அக்கா வீட்டு வழியைப் பற்றிக் கேட்டேன். செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று இறங்கிப் போய்விட்டாள்.

இன்று காலை கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வரலாம் என்று இரண்டு பேரும் கிளம்பினோம். ஏரிக்கரையில் திரும்பியதும் வண்டி நின்றது. அவள் பதறிப்போய், "ஐயோ, சத்தியமா நான் இல்லீங்க!" என்று இரண்டு காலையும் தூக்கிக் காட்டினாள். "தெரியும்" என்றேன். கொஞ்சம் கால் நீளமானவனாக இருந்தால் என் பக்கத்திலிருந்தும் அந்தக் குமிழ் எட்டும்.

இதைக் கரைச்சுவர்மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பறவை இப்போதுதான் முங்கியிருக்கிறது, எங்கே எழும் என்று அவள் ஒரு இடத்தைச் சொல்கிறாள், நான் ஒரு இடத்தைச் சொல்கிறேன். வண்டி எப்போது சரியாகும் என்று இருவருக்குமே தெரியவில்லை. கடிதம் தாமதமாக வந்து சேர்ந்தால், கோளாறு இக்னிஷனில் என்று எடுத்துக்கொள்ளவும்.